உயர் இரத்த அழுத்தம்: நோயாளியின் முன் நிற்கும் தடைகளும் ஜமாஅத்தின் கடமையும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் மருத்துவ உதவிக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

நம் மஹல்லாவில் வீட்டுக்கு வீடு பேசப்படும் ஒரு நோயைப் பற்றி, அதிகம் பேசப்படாத ஒரு கோணத்தில் சில கருத்துகளைச் சமர்ப்பிக்க விழைகின்றோம். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர் என்ன செய்ய வேண்டும் என்பது இன்று பெரும்பாலோருக்குத் தெரியும். உப்பைக் குறைக்க வேண்டும், நடக்க வேண்டும், எடையைக் குறைக்க வேண்டும், புகையை விட வேண்டும், மாத்திரையை நிறுத்தக் கூடாது. இந்த ஐந்தையும் பள்ளிச் சிறுவர்களே ஒப்பித்து விடுவார்கள். தெரிந்திருந்தும் ஏன் செய்ய முடியவில்லை? குறுக்கே நிற்கும் தடைகள் எவை? அவற்றுள் நோயாளி தனியே தாண்டக் கூடியவை எவை? ஜமாஅத்தாக நாம் ஒன்றுகூடி அகற்ற வேண்டியவை எவை? இதுவே இன்றைய பேச்சின் பொருள்.

நோயின் பரப்பு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடத்தப்பட்டு 2023ஆம் ஆண்டு வெளியான ஆய்வின்படி, 20 வயதைக் கடந்த இந்தியர்களுள் 35.5 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் உள்ளது. மூவரில் ஒருவர் என்று கொள்ளலாம். இந்த மன்றத்தில் ஒரு வரிசையில் அமர்ந்திருப்போரை எண்ணிப் பார்த்தாலே இதன் பொருள் விளங்கும்.

இதைவிடக் கவலை தரும் செய்தி ஒன்று உண்டு. 2020ஆம் ஆண்டு தமிழகத்தில் அரசு நடத்திய கணக்கெடுப்பில், இந்நோய் உள்ளவர்களுள் 7.3 விழுக்காட்டினருக்கு மட்டுமே அழுத்தம் கட்டுக்குள் இருந்தது. அடுத்த சுற்றில் இந்த அளவு உயர்ந்தது எனினும், பெரும்பான்மையோர் அப்போதும் கட்டுக்கு வெளியேதான் இருந்தனர். மருத்துவர்களும் மாத்திரைகளும் ஓரளவு கிடைக்கும் மாநிலத்திலேயே இந்த நிலை.

கட்டுக்குள் வராத அழுத்தம் எங்கே கொண்டு போய் விடும் என்பதை ஜமாஅத் அலுவலகங்களுக்கு வரும் உதவி மனுக்களே சொல்லும். பக்கவாதத்தில் வீழ்ந்த குடும்பத் தலைவர், வாரந்தோறும் டயாலிசிஸ் செய்துகொள்ளும் இளைஞர், மாரடைப்புக்குப் பின் கடைக்குச் செல்ல இயலாத வணிகர் என நீளும் அந்த மனுக்களில் பலவற்றின் பின்னால், பல்லாண்டுகளாகக் கவனிக்கப்படாத இரத்த அழுத்தம் இருக்கும். பைத்துல்மாலில் இருந்து நாம் வழங்கும் உதவி, வெள்ளம் வந்தபின் கட்டும் அணையாகவே பெரிதும் அமைந்து விடுகிறது.

முதல் தடை: வலிக்காத நோய்

பல் வலித்தால் அன்றே மருத்துவரிடம் ஓடுகிறோம். இரத்த அழுத்தமோ பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. தலைவலியும் மயக்கமும் வந்தால்தான் ‘பிரஷர்’ என்று பலர் எண்ணுகின்றனர். 170, 180 என்ற அளவோடு எவ்வித வேதனையும் இன்றி நடமாடுவோர் உண்டு. வேதனை இல்லாத இடத்தில் பத்தியம் இருக்க மனம் ஒப்புவதில்லை. இது மனித இயல்பு.

இதிலிருந்து இரண்டு தவறான எண்ணங்கள் பிறக்கின்றன. ‘நன்றாகத்தானே இருக்கிறோம், மாத்திரை எதற்கு?’ என்பது ஒன்று. மாத்திரை உண்பதால்தான் அழுத்தம் சீராக இருக்கிறது. நிறுத்தினால் மீண்டும் ஏறும். ‘நெடுநாள் மாத்திரை தின்றால் சிறுநீரகம் கெட்டுவிடும்’ என்பது மற்றொன்று. உண்மையில் சிறுநீரகத்தின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சிதைப்பது கட்டுக்குள் இல்லாத அழுத்தமேயாகும். மாத்திரை ஒவ்வாமல் இருமலோ கால் வீக்கமோ தோன்றினால் மருத்துவரிடம் சொல்லி வேறு மாத்திரைக்கு மாறலாம். தாமாக நிறுத்துதல் ஆகாது.

கண்ணுக்குத் தெரியாத நோயைக் கண்ணுக்குக் காட்டுவது அளவெடுக்கும் கருவி ஒன்றுதான். அளக்கும் முன் அரை மணி நேரம் தேநீரும் புகையும் தவிர்த்து, ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து அமைதியாக அமர்ந்து, கையை நெஞ்சின் மட்டத்தில் வைத்து, இருமுறை அளக்க வேண்டும். வெவ்வேறு நாட்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவரைக் காண்பது கட்டாயம். படியேறி வந்த மூச்சிரைப்போடு ஒருமுறை அளந்து அஞ்சுவதும் தவறு; ஒருமுறை சீராக இருந்ததைக் கண்டு நோயே இல்லை என்று மகிழ்வதும் தவறு.

இரண்டாம் தடை: ஒரே பானை

‘உப்பைக் குறையுங்கள்’ என்று மருத்துவர் சொல்கிறார். வெளியே இருபது பேர் காத்திருக்கையில் அதற்கு மேல் விளக்க அவருக்கு நேரமில்லை. எவ்வளவு குறைப்பது, எதில் குறைப்பது என்று தெரியாமலே நோயாளி வீடு திரும்புகிறார். வீட்டிலோ குழம்பு வைப்பது ஒரே பானையில். பேரன் முதல் பாட்டனார் வரை எட்டுப் பேர் உண்ணும் பானையில் ஒருவருக்காக உப்பைக் குறைத்தால் மற்றவர் முகம் சுளிக்கின்றனர். அவருக்கெனத் தனியே சமைத்தால் சமைப்பவருக்கு இரட்டை வேலை. உண்பவருக்கோ தாம் ஒதுக்கப்பட்டோம் என்ற மனக்குறை. நான்காம் நாள் எல்லாரும் பழைய பானைக்கே திரும்பி விடுகின்றனர்.

நோயாளி வீட்டின் தாயாராக இருந்துவிட்டால் நிலைமை இன்னும் கடினம். பிள்ளைகளின் நாவுக்கு ஏற்ப ருசி பார்த்துச் சமைத்து, அனைவரும் உண்டபின் எஞ்சியதை ஊறுகாயோடு உண்டு எழுபவர் அவர். அவருக்குப் பத்தியம் பார்த்துச் சமைத்துப் போட அவ்வீட்டில் எவருமில்லை.

இங்கே ஓர் ஆய்வை நினைவுகூர்வது பொருந்தும். இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் உணவுமுறை பற்றி அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2001ஆம் ஆண்டு வெளியான புகழ்பெற்ற ஆய்வில் 412 பேர் பங்கேற்றனர். காய், கனி, கொழுப்பு நீக்கிய பால் ஆகியவை மிகுந்து உப்புக் குறைந்த உணவை உண்டபோது, நோயுள்ளவர்களின் மேல் அழுத்தம், உப்பு மிகுந்த வழக்கமான உணவோடு ஒப்பிடுகையில், சராசரியாக 11.5 மி.மீ. குறைந்தது. ஒரு மாத்திரையின் பலனுக்கு ஈடான குறைவு இது. ஆனால் அந்த 412 பேரும் தம் வீட்டுப் பானையில் உண்ணவில்லை. அவர்களுக்கான உணவை ஆய்வுக்கூடத்தினரே சமைத்து வழங்கினர். சமைப்பவர் கை மாறியபோது உண்பவரின் அழுத்தமும் இறங்கியது. நம்மிடையே நோயாளிக்கு அறிவுரை கூறுவோர் பலர். அடுப்படியை மாற்ற முன்வருவோர் சிலரே.

ஆகவே வீட்டில் ஒருவருக்கு மட்டும் உப்பைக் குறைக்கும் முயற்சியைக் கைவிட்டு, முழு வீட்டுக்கும் குறைப்பதே வழி. வளர்ந்தவர் ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் உப்பு உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. உலக மக்கள் சராசரியாக உண்பதோ ஏறத்தாழ 10.8 கிராம் என அந்நிறுவனமே 2023ஆம் ஆண்டு தெரிவித்தது. இதை வீட்டில் அளக்க எளிய கணக்கு ஒன்று உண்டு. வளர்ந்தவர் ஐவர் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்புப் பொட்டலம் குறைந்தது 40 நாட்கள் வர வேண்டும். பொட்டலத்தைப் பிரிக்கும் நாளை அதன்மேல் எழுதி வையுங்கள். இருபது நாளில் தீர்ந்தால் இருமடங்கு உண்கிறோம் என்று பொருள். கடையில் வாங்கும் ஊறுகாய், அப்பளம், மிக்சர், ரொட்டி, பிஸ்கட், கருவாடு ஆகியவற்றின் உப்பு இந்தக் கணக்கில் சேராதது.

ஒரேயடியாகக் குறைத்தால் நாக்கு எதிர்க்கும். வாரத்துக்குச் சிறிதாகக் குறைத்து வந்தால் சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். எலுமிச்சை, மிளகு, பூண்டு, இஞ்சி, கொத்துமல்லி ஆகியவை உப்பின் குறையை மறைக்க வல்லவை. சோற்றிலும் சப்பாத்தி மாவிலும் உப்பிடாமல் விடலாம். இந்துப்புக்கு மாறினால் போதும் என்பதும் தவறு. அதிலும் பெரும்பகுதி அதே சோடியம் உப்புதான். சோடியத்தில் ஒரு பங்கைக் குறைத்துப் பொட்டாசியம் சேர்த்த மாற்று உப்பைச் சீனக் கிராமங்கள் 600இல் பயன்படுத்திச் செய்த ஆய்வில் பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்ததாக 2021ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. எனினும் சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும், பொட்டாசியத்தை உடலில் தங்கச் செய்யும் மாத்திரை உண்பவர்களுக்கும் அந்த உப்பு ஆபத்தாகலாம். மருத்துவரைக் கேளாமல் வாங்குதல் கூடாது.

மூன்றாம் தடை: விருந்தும் உபசரிப்பும்

வீட்டில் கட்டுப்பாட்டோடு இருப்பவரும் விருந்தில் தோற்றுப் போகிறார். திருமணக் காலங்களில் வாரத்துக்கு இரண்டு மூன்று அழைப்புகள் வருகின்றன. பிரியாணியும் தால்சாவும் ஊறுகாயும் அப்பளமும் குளிர்பானமும் கேளாமலே முன்னால் வந்து அமர்கின்றன. ‘போதும்’ என்றால் உபசரிப்பவர் மனம் வருந்துகிறது. ‘ஒருநாள்தானே, ஒன்றும் ஆகாது’ என்ற சொல்லோடு இன்னொரு கரண்டி விழுகிறது. நூறு வீடுகளின் ‘ஒருநாள்’ சேர்ந்தால் அது ஓர் ஆண்டின் பெரும்பகுதி. விருந்தாளியின் ‘போதும்’ என்ற சொல்லை முதல்முறையிலேயே ஏற்பதும் உபசரிப்பின் ஓர் அங்கம் என்ற பழக்கம் நம்மிடையே வளர வேண்டும்.

நான்காம் தடை: நடக்க ஓர் இடம்

வாரத்துக்கு 150 நிமிடம், அதாவது ஐந்து நாட்கள் அரை மணி நேரம் சற்று வேகமாக நடப்பது போதும். ஆண்கள் பஜ்ருத் தொழுகைக்குப் பின் கடற்கரையிலோ சாலையிலோ நடக்கின்றனர். பெண்கள் எங்கே நடப்பது? தெருவில் நடந்தால் பார்வைகள். இருள் பிரியாத நேரத்தில் அச்சம். பொழுது விடிந்தால் அடுப்படி. ‘வீட்டு வேலையே பயிற்சிதானே’ என்கிறோம். வேலையும் அசைவுதான் என்றாலும், நின்று நின்று செய்யும் அடுப்படி வேலை மூச்சு வாங்க நடப்பதற்கு ஈடாகாது. நடக்காத உடல் எடை கூடுகிறது. எடை கூடிய உடலைத் தாங்கி முழங்கால் தேய்கிறது. முழங்கால் வலியால் நடை மேலும் நிற்கிறது.

இந்த இடத்தில் இன்னோர் அபாயம் மறைந்திருக்கிறது. முழங்கால் வலிக்கு மருந்துக் கடையில் தாமே கேட்டு வாங்கி உண்ணும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் உடலில் உப்பையும் நீரையும் தங்க வைத்து இரத்த அழுத்தத்தை ஏற்றுபவை, சிறுநீரகத்தையும் பாதிப்பவை. பிரஷர் மாத்திரையை ஒழுங்காக உண்டும் அழுத்தம் குறையாத பலரின் பின்னால் இந்த வலி மாத்திரை இருக்கக் கூடும். மருத்துவரிடம் செல்லும்போது தாமாக உண்ணும் மாத்திரைகளையும் மறைக்காமல் காட்ட வேண்டும்.

ஐந்தாம் தடை: பொருளும் பிழைப்பும்

நாள் கூலிக்குச் செல்பவரிடம் ‘தினமும் பழம் உண்ணுங்கள்’ என்பது எளிது. நான்கு பேருக்குப் பழம் வாங்கும் பணத்தில் அவர் இரு வேளை உலை வைக்க வேண்டியிருக்கிறது. ஆப்பிளும் ஆரஞ்சும்தான் பழம் என்பதில்லை. கொய்யா, வாழை, பப்பாளி, முருங்கைக் கீரை, அரைக்கீரை, பயறு வகைகள் யாவும் அதே நன்மையைக் குறைந்த விலையில் தருபவை. மாத்திரைகள் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே வழங்கப்படுகின்றன. வீடு தேடி மருந்து தரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டமும் 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசால் தொடங்கப்பட்டது. ஆயினும் ஒரு நாள் கூலியை இழந்து வரிசையில் நிற்க இயலாதவர்களும், கேட்டுப் பெறக் கூச்சப்படுபவர்களும் நம்மிடையே உண்டு.

வளைகுடா நாடுகளில் உழைக்கும் நம் பிள்ளைகளையும் மறந்துவிடக் கூடாது. ஓர் அறையில் பலர், மெஸ் சாப்பாடு, வெயிலில் வேலை, குறைந்த உறக்கம் என்பது அவர்களுள் பலரின் வாழ்க்கை. நோய் வெளியே தெரிந்தால் பிழைப்புக்கு இடையூறாகுமோ என்று அஞ்சி அளந்து பார்க்காமலே இருப்போரும் உண்டு. விடுமுறையில் ஊர் வரும் நாட்களில் அவர்களை ஒருமுறையேனும் மருத்துவரிடம் அழைத்துச் செல்வது வீட்டாரின் பொறுப்பு.

ரமளானில் நேரும் தவறுகள்

பகலில் மாத்திரை உண்ண இயலாது என்று மாதம் முழுவதும் நிறுத்தி விடுவோர் உண்டு. நாளுக்கு ஒருமுறை உண்ணும் மாத்திரைகள் பலவற்றின் நேரத்தை மருத்துவரின் ஆலோசனையோடு ஸஹருக்கோ இஃப்தாருக்கோ மாற்றிக் கொள்ள முடியும். சிறுநீரை அதிகம் வெளியேற்றும் மாத்திரை உண்பவர்களும், சிறுநீரகம், இதயம் பாதிக்கப்பட்டவர்களும் நோன்புக்கு முன்பே மருத்துவரை அவசியம் காண வேண்டும். நோன்பு நோற்க இயலாத நிலை என மருத்துவர் சொன்னால், நோயாளிக்கு மார்க்கம் அளித்துள்ள சலுகையை இமாம் அவர்களிடம் கேட்டுத் தெளிவு பெறலாம்.

மற்றொன்று, நோன்பு துறக்கும் வேளையின் உப்பு. கஞ்சியோடு வடை, சமோசா, ஊறுகாய் என்று பகலின் பத்தியம் அரை மணி நேரத்தில் கரைந்து விடுகிறது. இங்கே நாம் அனைவரும் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பள்ளிவாசலில் காய்ச்சும் நோன்புக் கஞ்சி நம் ஜமாஅத்தின் பொதுப் பானை. மஹல்லாவின் ஏராளமான குடும்பங்கள் முப்பது நாளும் அதிலிருந்து அருந்துகின்றன. அந்தச் சட்டியில் விழும் உப்பின் அளவைத் தீர்மானிப்பது நோயாளி அல்லர், நாம்தான்.

சமூகமாகச் செய்து காட்டியவர்கள்

ஓர் ஊரே சேர்ந்து உணவுப் பழக்கத்தை மாற்ற இயலுமா என்ற ஐயம் எழலாம். பின்லாந்து நாட்டின் வட கரேலியா மாகாணம் இதற்குச் சான்று. இதய நோயால் நடுவயது ஆண்கள் மிக அதிகமாக இறந்துகொண்டிருந்த அந்த மாகாணத்தில் 1972ஆம் ஆண்டு டாக்டர் பெக்கா புஸ்கா தலைமையில் ஒரு திட்டம் தொடங்கியது. அவர்கள் நோயாளிகளோடு நிற்கவில்லை. இல்லத்தரசிகளின் சங்கத்தாரோடு சேர்ந்து சமையலை மாற்றினர், உணவு தயாரிப்போரிடம் பேசி உப்பையும் கொழுப்பையும் குறைக்கச் செய்தனர், புகைப்பழக்கத்தைக் குறைத்தனர். ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளில் அங்கு உழைக்கும் வயது ஆண்களிடையே இதய நாள நோய் மரணம் 85 விழுக்காடு அளவுக்குக் குறைந்தது. அடுப்படிகளும் கடைகளும் சேர்ந்து மாறியதன் பலன் இது.

சிறிய மாற்றம் என்று எதையும் இகழ வேண்டியதில்லை. 48 ஆய்வுகளைத் தொகுத்து 2021ஆம் ஆண்டு லான்செட் இதழில் வெளியான அறிக்கையின்படி, மேல் அழுத்தம் 5 மி.மீ. குறைந்தாலே மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெருநோய்கள் ஏறத்தாழ 10 விழுக்காடு குறைகின்றன.

ஜமாஅத்தின் முன் வைக்கும் வேண்டுகோள்கள்

1. நோன்புக் கஞ்சிக்கு உப்பை அள்ளிப் போடாமல் அளந்து போடவும், ஆண்டுக்கு ஆண்டு சிறிது சிறிதாகக் குறைக்கவும் கஞ்சிக் குழுவினர் முன்வர வேண்டும்.

2. ஜமாஅத் திருமண மண்டபத்தில் நடைபெறும் விருந்துகளில் ஊறுகாயும் அப்பளமும் கேட்பவருக்கு மட்டும் வைக்கப்பட வேண்டும். குளிர்பானத்துக்குப் பதிலாகத் தண்ணீரும் பழமும் வைக்கலாம்.

3. விருந்து இல்லாத நாட்களில் அம்மண்டபம் பூட்டியே கிடக்கிறது. பஜ்ருக்குப் பின் ஒரு மணி நேரம் பெண்கள் மட்டும் நடப்பதற்காக அதைத் திறந்துவிட வேண்டும். பெண் பொறுப்பாளர் ஒருவர் இருந்தால் போதும், செலவு ஏதுமில்லை.

4. மாதம் ஒருமுறை ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் வளாகத்திலும், பெண்களுக்கு மதரஸாவிலும் இரத்த அழுத்தம் அளக்க ஏற்பாடு செய்ய வேண்டும். அளவு அவரவர் கையேட்டில் மட்டும் எழுதப்பட வேண்டும். பிறர் அறிய வாசிக்கப்படக் கூடாது.

5. ஒவ்வோர் ஆண்டும் ஷஃபான் மாதத்தில் மருத்துவர் ஒருவரை அழைத்து, நோன்புக் கால மாத்திரை நேரம் பற்றிய ஆலோசனை முகாம் நடத்த வேண்டும்.

6. தனித்து வாழும் முதியோருக்கு அரசு சுகாதார நிலையத்திலிருந்து மாத்திரைகள் தவறாமல் கிடைக்க இளைஞர்கள் துணை நிற்க வேண்டும். மாத்திரை தீர்ந்து, வாங்கவும் வழியின்றி இருப்போருக்குப் பைத்துல்மால் உதவ வேண்டும். ஒரு மாத மாத்திரைக்கு ஆகும் செலவு, பக்கவாதம் வந்தபின் ஒரு நாள் மருத்துவமனைக்கு ஆகும் செலவில் மிகச் சிறு பகுதியே.

அன்பிற்குரியவர்களே! மாத்திரையை நோயாளிதான் விழுங்க வேண்டும். காலை அவர்தான் எடுத்து வைக்க வேண்டும். அந்தப் பொறுப்பை எவரும் அவரிடமிருந்து வாங்கிக்கொள்ள முடியாது. ஆனால் அவர் உண்ணும் பானையும், அமரும் விருந்தும், நடக்கும் இடமும் நம் கையில் இருக்கின்றன. இந்த ஆறு வேண்டுகோள்களையும் இப்பொதுக்குழு தீர்மானமாக ஏற்குமானால், அடுத்த ஆண்டு அறிக்கையில் எத்தனை நிறைவேறின என்று கணக்குக் காட்ட மருத்துவ உதவிக் குழு கடமைப்பட்டுள்ளது. முதல் வேண்டுகோளை வரும் ரமளானிலேயே தொடங்கிவிடலாம்.

வல்ல இறைவன் நம் அனைவருக்கும் உடல் நலத்தையும், அதைப் பேணும் உறுதியையும் தந்தருள்வானாக! வஸ்ஸலாம்.